பார்ட்ஸ் கடையில் சரியான சாமானை வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வண்டியைக் கழற்றிப் போட்டாயிற்று. பழைய சாமான் தரையில் கிடக்கிறது. புதுப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் போல்ட் துளை ஒரு விரல் அகலம் தள்ளி இருக்கிறது. ஓடுகிற வண்டி இப்போது கையில் இல்லை. யாரையாவது பிடித்து மறுபடி கடைக்குப் போனால், "பிரிச்ச பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். தன் வண்டியைத் தானே கொஞ்சமாவது பார்த்துக்கொள்ளும் எவருக்கும் இது தெரிந்த கதைதான்.

இதில் கடையின் பங்கு பெரியது. பயிற்சி இல்லாதவரைக் கவுண்டரில் நிறுத்துவது, சரிபார்க்காமல் "பொருந்தும்" என்று சொல்வது, விற்கும்போது இருக்கும் சிரிப்பு திருப்பும்போது காணாமல் போவது எல்லாம் அவர்கள் திருத்த வேண்டியவை. அவர்கள் திருந்தும்வரை நம் வண்டி காத்திருக்க முடியாது. என் கருத்தில் இந்த எரிச்சல்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன: கவுண்டரில் நடக்கும் பேச்சு வண்டியின் பெயரை வைத்து நடக்கிறது, எண்ணை வைத்து நடப்பதில்லை. பேச்சை எண்ணுக்கு மாற்றிவிட்டால் அனுபவமில்லாத ஊழியரிடமிருந்தும் சரியான சாமானை வாங்கிவிடலாம்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது

கடைக்காரரின் கணினியில் இருப்பது ஒரு பட்டியல். நிறுவனம், மாடல், வருடம், என்ஜின் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் பட்டியல் சுருங்கும். கடைசியில் ஒரே சாமான் மிஞ்சினால் பிரச்சினை இல்லை. மூன்று மிஞ்சினால்தான் அவர் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்: ஏசி உண்டா, கியர் ஆட்டோமேட்டிக்கா, ஏபிஎஸ் (பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிறதா?

ஒரு பெல்ட் கேட்டதற்கு ஏசி பற்றி ஏன் கேட்கிறார் என்று பலருக்குக் கோபம் வருகிறது. ஏசி கம்ப்ரஸர் இருந்தால் பெல்ட் சுற்றி வரும் பாதை நீளும். பெல்ட்டின் நீளமும் மாறும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் பலவற்றில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய்கள் ரேடியேட்டருக்குள்ளேயே போகும். அதனால் ரேடியேட்டரே வேறாக இருக்கும். ஆக, கேள்வி கேட்கும் ஊழியர் நல்ல ஊழியர். கேட்காமல் மூன்றில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து எடுத்துவருபவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

படி 1: வண்டியின் அடையாளத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

முதல் தேவை சேசிஸ் நம்பர். கார்களில் இது 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. 0, 1 என்ற எண்களோடு குழம்பக் கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் இதில் வருவதே இல்லை. எழுதி வைத்திருப்பதில் வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்தான். முதல் மூன்று இடங்கள் தயாரித்தவரைக் குறிக்கும். வட அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் 10-வது இடம் மாடல் வருடம். மற்ற இடங்களில் எல்லா நிறுவனங்களும் அப்படி வைப்பதில்லை. எனவே வருடத்தை அதிலிருந்து மட்டும் ஊகிக்க வேண்டாம்.

இந்த எண் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ, முன்கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, என்ஜின் பக்கத்துத் தகட்டிலோ, பதிவுச் சான்றிலோ இருக்கும். பதிவுச் சான்றில் தட்டச்சுப் பிழை இருக்க வாய்ப்புண்டு என்பதால் வண்டியில் இருப்பதையே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தயாரான மாதம். பதிவு செய்த வருடமும் தயாரான வருடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; ஷோரூமில் சில மாதம் நின்ற வண்டிக்கு இரண்டும் வேறாக இருக்கும். அதோடு நிறுவனங்கள் வருடத்தின் நடுவிலேயே ஒரு சாமானை மாற்றிவிடும். அதனால்தான் பட்டியலில் "இந்த மாதம் வரை", "இந்த மாதத்திலிருந்து" என்று இரண்டு வரிகள் இருக்கும். ஒரே வருடம், ஒரே மாடல், பக்கத்து வீட்டு வண்டிக்குப் பொருந்தியது நம்முடையதற்குப் பொருந்தவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

என்ஜின் குறியீடு, கியர் வகை, எரிபொருள் ஆகியவற்றையும் அதே போட்டோ தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். போனில் தனி ஆல்பமாக வைத்துக்கொண்டால் ஒருமுறை செய்த வேலை அந்த வண்டி இருக்கும்வரை உதவும்.

படி 2: பழைய சாமானின் எண்ணைப் படியுங்கள்

இதைவிட வலுவான ஆதாரம் வேறில்லை. கழற்றிய சாமானை நன்றாகத் துடைத்து, அதன் மேல் இருக்கும் எல்லா எண்களையும் போட்டோ எடுங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

எல்லா எண்ணும் பார்ட் நம்பர் ஆகிவிடாது. இரும்பு, அலுமினிய வார்ப்புகளில் புடைத்துத் தெரியும் எண் பெரும்பாலும் அச்சின் எண். ஒரே அச்சில் வார்த்து, வேறு வேறு இடத்தில் துளையிட்டு, வேறு வேறு சாமான்களாக விற்பார்கள். லேபிளிலோ, பின்னால் பொறித்தோ இருப்பதுதான் நாம் தேடும் எண்.

அளவே எண்ணாக எழுதப்பட்ட சாமான்களும் உண்டு. இவற்றைத் தெரிந்துகொண்டால் கடைக்காரரின் பட்டியலே தேவைப்படாது. பெல்ட்டில் 6பிகே1870 என்று இருந்தால் ஆறு வரி, 1870 மில்லிமீட்டர் நீளம். பேரிங்கில் 6203 என்றால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எந்த நிறுவனம் செய்தாலும் இதுதான். தெர்மோஸ்டாட்டில் திறக்கும் வெப்பநிலை, ரேடியேட்டர் மூடியில் அழுத்தம், பிரேக் டிஸ்கில் எந்தத் தடிமனுக்குக் கீழே போனால் தூக்கிப்போட வேண்டும் என்ற அளவு எல்லாம் பொதுவாக அந்தந்தச் சாமான் மேலேயே பொறித்திருக்கும்.

ஸ்பார்க் பிளக்கில் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. என்ஜிகே, டென்ஸோ பிளக்குகளில் வெப்ப எண் கூடக்கூட பிளக் "குளிர்ந்த" வகை, அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றுவது. பாஷ் பிளக்கில் இதற்கு நேர் எதிர்: எண் கூடினால் "சூடான" வகை. ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்து இன்னொன்றின் அதே எண்ணை எடுத்துத் தருகிறார் என்றால் நிறுத்திவிட்டு, மாற்றுப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய எண்ணைச் சொன்னதும் "இது இப்போ வர்றதில்லை, வேற நம்பர் வந்திருக்கு" என்றால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நிறுவனங்கள் ஒரு எண்ணை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் புது எண் தருவது வழக்கம். பழைய எண்ணுக்குப் பதில் இந்த எண் என்று பட்டியலிலேயே இருக்கும். அந்தத் திரையை உங்களிடம் காட்டச் சொல்வதில் தவறே இல்லை.

இன்னொன்று: உங்களுக்கு முன் வண்டி வைத்திருந்தவர் தவறான சாமானைப் போட்டு ஓட்டியிருக்கலாம். எனவே பழைய சாமானின் எண்ணும் சேசிஸ் நம்பர் காட்டும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டும் வேறு என்றால் எதையும் வாங்காமல், ஏன் வேறு என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

படி 3: எது கெட்டது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

பார்ட்ஸ் கடையைப் பற்றிய மிகக் கசப்பான புகார் இங்கிருந்துதான் வருகிறது: "அவர் சொன்னார், மாற்றினேன், பிரச்சினை அப்படியே இருக்கிறது." கவுண்டரில் நிற்பவரின் வேலை சாமானைத் தேடி எடுப்பது. அவரில் சிலர் நல்ல மெக்கானிக்காகவும் இருப்பார்கள், ஆனால் உங்கள் வண்டியை அவர் பார்க்கவில்லை. வண்டியைப் பார்க்காமல் சொல்லும் தீர்ப்பை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.

என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் வைத்தால் பி0171 என்ற குறியீடு வருகிறது. பார்த்தவுடன் "ஆக்ஸிஜன் சென்சார் போச்சு" என்பார்கள். அந்தக் குறியீட்டின் பொருள், முதல் பக்கத்து சிலிண்டர்களில் எரிபொருளுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம் என்பதுதான். விரிசல் விட்ட ரப்பர் குழாய் வழியாகக் காற்று புகுந்தாலும், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்தாலும், எரிபொருள் பம்ப் பலவீனமானாலும் இதே குறியீடு வரும். புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அளக்கும் அந்தச் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்து உண்மையைச் சொல்லியிருக்கும். அதைத்தான் தூக்கிப்போடச் சொல்கிறார்கள். பி0420 வந்தால் "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்" என்பார்கள். அது புகையைச் சுத்திகரிக்கும், விலை கூடிய சாமான். சைலன்சர் பாதையில் ஒரு சிறு கசிவு கூட அந்தக் குறியீட்டைக் கொண்டுவரக்கூடும் என்பதை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

குறியீடு எந்த அமைப்பில் கோளாறு என்று காட்டும். எந்தச் சாமான் என்று சொல்லாது. அடுத்த சோதனை மெக்கானிக்கினுடையது, அல்லது உங்களுடையது.

உண்மையிலேயே சென்சார்தான் என்றால், எந்த சென்சார் என்பதில் தெளிவு வேண்டும். ஒன்றாம் சிலிண்டர் இருக்கும் பக்கம் பேங்க் 1. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1, பின்னால் இருப்பது சென்சார் 2. "முன்னாடி சென்சார்" என்று மட்டும் கேட்டால் ஆளுக்கொன்று புரிந்துகொள்வார்கள்.

பேட்டரி விஷயத்தில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் பெரிய செலவைத் தடுக்கும். வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு, முழு சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். கணினியே சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இது கொஞ்சம் ஏறி இறங்கும். என்ஜின் ஓடும்போதும் 12-லேயே நிற்கிறது என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் வயர்களையும் பார்க்க வேண்டும். புதுப் பேட்டரி வாங்கிப் போட்டால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும். அப்புறம் "கடைக்காரன் கெட்ட பேட்டரியைத் தள்ளிவிட்டான்" என்று சண்டைக்குப் போவோம்.

படி 4: கிளம்பும் முன் போன் செய்யுங்கள்

"இருக்கா?" என்று மட்டும் கேட்டால் அவர் திரையைப் பார்த்து "இருக்கு" என்பார். திரையில் ஒன்று என்று காட்டும் சாமான் திருட்டுப் போயிருக்கலாம், தவறான அலமாரியில் கிடக்கலாம், நேற்று யாரோ திருப்பிக் கொடுத்த பழுதான பெட்டியாக இருக்கலாம். பார்ட் நம்பரைச் சொல்லி, "கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள், என் பெயரில் எடுத்து வையுங்கள்" என்று கேளுங்கள். பேசியவரின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும் என்றால், வந்தபின் வேண்டாம் என்றால் பணம் திரும்புமா என்பதை அப்போதே கேட்டுவிட வேண்டும். இப்படி வரவழைக்கும் சாமானைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை.

காலை நேரம் ஒர்க்‌ஷாப்களின் ஆர்டர் குவியும் நேரம். கடையின் வருமானத்தில் பெரும்பங்கு அவர்களிடமிருந்து வருவதால் போன் அடித்தால் ஊழியர் அதைத்தான் முதலில் எடுப்பார்; நேரில் நிற்கும் நாம் காத்திருக்க வேண்டும். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. நிதானமாகத் தேட வேண்டிய சாமான் என்றால் அந்த நேரத்தைத் தவிர்ப்பது நமக்கு நல்லது.

படி 5: கவுண்டரில் பேசும் விதம்

போனை நீட்டி, "இது சேசிஸ் நம்பர், இது பழைய சாமானில் இருக்கும் நம்பர். இரண்டையும் போட்டுப் பார்த்து எந்த நம்பர் வருகிறது என்று சொல்லுங்கள்" என்று தொடங்குங்கள். கதையை அப்புறம் சொல்லலாம். வண்டி எங்கே நின்றது, யார் தள்ளினார்கள் என்பதெல்லாம் பட்டியலில் தேட உதவாது.

இடது, வலது என்பதை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னோக்கிப் பார்க்கும் நிலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும். பானட் முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் தலைகீழ். "டிரைவர் பக்கம்" என்று சொல்லாதீர்கள்; ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து அது மாறும், பட்டியல் எந்த நாட்டுக்குத் தயாரானது என்பதும் குழப்பும். இடது, வலது, முன், பின் என்ற நான்கு சொற்களே போதும்.

"எல்லா மாடலுக்கும் இதுதான், கண்ணை மூடிட்டுப் போடலாம்" என்று ஒருவர் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். "சரி, பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். உறுதியாகத் தெரிந்தவர் எழுதிக் கொடுப்பார். தெரியாதவர் கணினியைத் திறப்பார். இரண்டுமே நமக்கு லாபம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி ஓட்டும் பெண்கள் பலர் சொல்லும் குறை இது: கேள்வி கேட்பது அவர்கள், பதில் போவது கூட வந்த ஆணுக்கு. அல்லது வேண்டியதைக் கேட்டதும், "வீட்டில் யாரையாவது பேசச் சொல்லுங்கள்" என்று பதில் வருகிறது. பணம் கொடுப்பவரை அவமதிக்கும் இந்தப் பழக்கம் எந்தக் கடைக்கும் அழகல்ல. பார்ட் நம்பரை எழுதி மேசைமேல் வைத்துப் பேசத் தொடங்குவது இங்கே மிகவும் உதவும்; எண்ணுக்கு முன்னால் யார் கேட்கிறார் என்ற பேச்சுக்கு இடமில்லை. அதன்பிறகும் அலட்சியம் தொடர்ந்தால், இன்னொரு ஊழியர் வேண்டும் என்று நேராகக் கேட்கலாம். தயங்க ஒன்றுமில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, மூத்தவரை அழைக்கும் ஊழியர் கிடைத்தால் அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அவரிடமே போங்கள். நல்ல கவுண்டர் ஆள் ஒருவர் கிடைப்பது நல்ல மெக்கானிக் கிடைப்பதற்குச் சமம்.

படி 6: எந்தத் தரம்?

வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒன்று. அதே சாமானைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலை தன் சொந்தப் பெட்டியில் விற்பது இன்னொன்று. பல நேரங்களில் இதுதான் நல்ல தேர்வு. மூன்றாவது, மற்ற நிறுவனங்கள் அதே அளவில் செய்பவை. இவற்றில் அருமையானவையும் உண்டு, குப்பையும் உண்டு. நான்காவது, பழையதைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றிப் புதுப்பித்தவை.

கேபின் ஃபில்டர், வைப்பர், உள் அலங்காரச் சாமான்களில் மலிவானதைத் தாராளமாக முயலலாம். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூட்டுகள், டைமிங் பெல்ட் ஆகியவற்றில் வேண்டவே வேண்டாம். பல என்ஜின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். பெல்ட்டில் மிச்சம் பிடித்த பணம் என்ஜினாகத் திரும்பப் போகும். ஐரோப்பியச் சந்தைக்கான மாற்று பிரேக் பேடுகளுக்கு ஆர்90 என்ற தரவிதி இருக்கிறது. அந்த அனுமதி பெற்ற பேடில் ஒரு வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் நாட்டின் எண்ணும் இருக்கும். விற்கிற இடம் எதுவானாலும் இந்தக் குறியைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

திரவங்களில் கடைகள் செய்யும் தவறு ஆபத்தானது. பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிகோன். பெயரில் 5.1-க்கும் 5-க்கும் நூலளவு வித்தியாசம்தான், ஆனால் இரண்டையும் கலக்கவே கூடாது. வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். கூலன்ட்டை நிறம் பார்த்துக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களுக்குப் பொதுவான தரவிதி எதுவும் கிடையாது. சாயம் ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம். வண்டிக் கையேட்டில் இருக்கும் விவரக்குறியீடு டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நின்றதும் தானே அணைந்து மீண்டும் ஓடும் என்ஜின் உள்ள வண்டியில் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைப் பேட்டரி இருக்கும். "இதுவும் அதே ஆம்பியர்தான்" என்று சாதாரணப் பேட்டரியைத் தந்தால் பொருந்தும், ஓடும், ஆனால் சீக்கிரமே செத்துப்போகும்.

போலிகள் அதிகம் வருவது வேகமாக விற்கும் சாமான்களில்: ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட். பெட்டியில் எழுத்துப்பிழை, மங்கிய அச்சு, ஒட்டி ஒட்டி எடுத்த லேபிள், பெட்டியில் ஒரு எண் சாமானில் ஒரு எண், நம்ப முடியாத மலிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

படி 7: பெட்டியைக் கவுண்டரிலேயே திறங்கள்

பணம் கட்டும் முன். இந்த ஒரு படியை மட்டும் செய்தாலே பாதிப் புகார்கள் எழாது என்று உறுதியாக நம்புகிறேன். முடிந்தால் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆயில் ஃபில்டரில் ரப்பர் வளையத்தின் விட்டமும், திருகு மறையின் அளவும். பிரேக் பேடில் காது வடிவமும், தேய்மானத்தைக் காட்டும் கம்பி இருக்கிறதா என்பதும். ஆல்டர்னேட்டரில் புல்லியின் வரிகள், பிளக் வடிவம், போல்ட் துளைகளின் இடைவெளி. பேட்டரியில் பிளஸ் எந்தப் பக்கம். மாறியிருந்தால் கேபிள் எட்டாது, இழுத்து மாற்றிக் கொடுத்துவிட்டால் மின்சாதனங்கள் எரியும். மின் சுவிட்சாக வேலை செய்யும் ரிலேயில் கவனம் வேண்டும்: உருவம் ஒன்றாகவே இருந்தாலும் 30, 86 என்ற இரண்டு கால்கள் இடம் மாறிய வகைகள் உண்டு. அடியில் அச்சிட்ட எண்களை ஒப்பிடுங்கள்.

சக்கர பேரிங்கில் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கத்து சீலிலேயே, சக்கர வேகத்தை அளக்க உதவும் காந்த வளையம் இருக்கும். இல்லாத பேரிங்கும் அதே அளவில் வரும், அழகாகப் பொருந்தும், ஓட்டினால் ஏபிஎஸ் விளக்கு எரியும். காந்த வளையப் பேரிங்கைத் திருப்பிப் போட்டாலும் அதே கதிதான்.

பெட்டிக்குள் இருப்பது புதுசா என்றும் பாருங்கள். யாரோ வாங்கி, தன் பழைய சாமானை உள்ளே வைத்துத் திருப்பிக் கொடுத்ததை அப்படியே அலமாரியில் வைத்துவிடும் கடைகள் இருக்கின்றன. போல்ட் துளையில் கீறல், பிளக்கில் கிரீஸ், இரண்டாவது முறை ஒட்டிய டேப் எல்லாம் அடையாளம். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்கள் தயாரான வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பேட்டரியிலும் தயாரிப்புத் தேதி இருக்கும். அலமாரியில் நெடுநாள் சார்ஜ் இல்லாமல் நின்ற பேட்டரியைப் புதுசு என்று வாங்க வேண்டியதில்லை.

படி 8: பில்லில் என்ன இருக்க வேண்டும்

"பிரேக் பேட் - 1" என்று எழுதிய பில் எதற்கும் உதவாது. பார்ட் நம்பர், நிறுவனத்தின் பெயர், தேதி, எந்த வண்டிக்கு என்ற விவரம் நான்கும் இருக்கட்டும். எந்த வண்டிக்கு என்று எழுதியிருந்தால் தவறான சாமான் தந்தது கடையின் பொறுப்பு என்று நிரூபிக்க வழி பிறக்கும். வெப்பத்தில் அச்சாகும் காகிதத்தில் எழுத்து மறைந்துவிடும் என்பதால் உடனே ஒரு போட்டோ.

மூன்று கேள்விகளை வாய்விட்டுக் கேளுங்கள். பிரித்த பிறகும் திரும்ப எடுப்பீர்களா? மின்சாரச் சாமானை எடுப்பீர்களா? வாரண்டி என்றால் சாமான் மட்டுமா, மாற்றும் கூலியும் சேர்ந்ததா? மின்சாரச் சாமான்களைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. கோளாறான வயரில் மாட்டினால் புதுசும் எரியும், யார் தவறு என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் காரணம். கூலி வாரண்டியில் அநேகமாகச் சேராது. "ஆயுள் வாரண்டி" என்று பெரிதாக எழுதியிருந்தாலும் இன்னொரு சாமான் தருவார்கள், மாற்றும் செலவு நம்முடையது.

ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், காலிப்பர், பேட்டரி வாங்கும்போது பழையதற்காக ஒரு முன்பணம் சேர்த்து வாங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பழையதைக் கொடுத்தால் அது திரும்ப வரும். எத்தனை நாளுக்குள், எந்த நிலையில் என்று கேட்டுக்கொண்டு, பழையதைப் புதுப்பெட்டியிலேயே வைத்துக் கொண்டுபோங்கள்.

படி 9: பொருத்தும் முன்

வெறுமனே வைத்துப் பாருங்கள். துளை, பிளக், உயரம் எல்லாம் ஒத்துவந்த பிறகுதான் இறுக்குவது. "கொஞ்சம் ராவினால் உட்கார்ந்துவிடும்" என்று தோன்றும் நேரம்தான் ஆபத்தான நேரம்: ஒரு வயரை வெட்டினாலோ, ஓர் ஓரத்தைத் தேய்த்தாலோ திருப்பும் உரிமை அத்துடன் போய்விடும். புதுசு சரியாக வேலை செய்கிறது என்று தெரியும்வரை பழையதைத் தூக்கிப்போடாதீர்கள். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டிருந்தாலும் இதையே சொல்லிவையுங்கள்.

படி 10: தவறு நடந்துவிட்டால்

பழையது, புதியது இரண்டையும் பக்கத்தில் வைத்து, வேறுபாடு தெரியும்படி அளவுகோலுடன் போட்டோ எடுங்கள். பில்லோடு போய், "இந்தச் சேசிஸ் நம்பருக்கு நீங்கள் தந்த எண் இது, சரியான எண் இது" என்று காட்டுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் குரலை உயர்த்தாமல் இருப்பது நம் நன்மைக்கே. கவுண்டரில் நிற்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரமே இல்லாமல் இருக்கலாம். அதிகாரம் உள்ளவரை அழைக்கச் சொல்லி, அவரிடம் பேசுங்கள். என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருங்கள்: மாற்றுச் சாமானா, பணமா, எப்போதுக்குள்?

மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராவிட்டால், நடந்ததை நீங்களே சுருக்கமாக எழுதி அன்றே கடைக்கு அனுப்பிவிடுங்கள்; தேதியோடு ஒரு பதிவு உருவாகிவிடும். கிளைகள் உள்ள கடை என்றால் அடுத்து தலைமை அலுவலகம். அங்கும் பதில் இல்லையென்றால் உங்கள் நாட்டின் நுகர்வோர் அமைப்பு. கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம் ஆட்சேபம் தெரிவிக்கும் வழியும் இருக்கலாம், அதற்குக் காலக்கெடு உண்டு. புகாரில் ஊழியரின் குணத்தைப் பற்றி எழுத வேண்டாம். தேதி, எண், என்ன கேட்டோம், என்ன தந்தார்கள் என்று அரைப்பக்கம் போதும்; படிப்பவர் முடிவெடுக்க அதுதான் தேவை.

சாமான் உடைந்து வண்டியின் வேறு பகுதியையும் கெடுத்துவிட்டது என்றால் விஷயம் பெரிது. வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள். இந்தச் சாமானோடு சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். உடைந்த துண்டை "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்" என்று கடை கேட்கும். உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். பார்ட் நம்பர், எந்த நிலையில் கொடுத்தீர்கள், தேதி, வாங்கியவர் கையெழுத்து நான்கும் உள்ள ரசீது தந்தால் கொடுங்கள். தர மறுத்தால் துண்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.